பாம்பன் மீன் கடைக் கணக்கும் ஹாஸ்கெலும்: இரண்டு வருட அனுபவம்

2023 ஏப்ரல் 15. தடைக்காலம் தொடங்கிய நாள். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பனில் மாமாவின் கமிஷன் கடையில் கணக்கெழுதுகிற எனக்கு, நாட்டுப்படகு மீன் வரும் காலை நேரம் போக மீதி நாளெல்லாம் ஓய்வுதான். பைத்தான் அரைகுறையாகத் தெரியும். சரி, இந்த இரண்டு மாதத்தில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதம் இரண்டு வருடமாக இழுத்துவிட்டது.

முதல் நாளே அடி. பைத்தான் பழக்கத்தில், மொத்தம் என்பது மொத்தத்தோடு ஐம்பது என்று ஒரு வரி எழுதினேன். பேசாமல் வாங்கிக்கொண்டது. மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன், பதிலே இல்லை. மின்விசிறி மட்டும் இரைந்தது. அது ‘கூட்டி வை’ என்ற கட்டளை இல்லையாம். மொத்தம் என்றால் என்ன என்ற விளக்கமாம். மொத்தத்தைக் கண்டுபிடிக்க மொத்தத்தையே தேடிப் போய், அதற்கு மறுபடி மொத்தத்தைத் தேடி, சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

இதை வைத்து என்ன கணக்குப் போடுவது என்று இரண்டு வாரம் எரிச்சல்தான். அப்புறம் ஒரு நாள் ஏல நோட்டில் தப்பாக எழுதிய எடையை அடித்துத் திருத்தப் போனேன். மாமா கையைப் பிடித்துவிட்டார். “எழுதுனதுல கை வைக்காத மாப்ள. கீழ ‘மூணு கிலோ கழிவு’ன்னு புதுசா எழுது. அடிச்சு எழுதுனா நாளைக்கு சம்மாட்டி கேக்கும்போது என்னத்தக் காட்டுவ?” சம்மாட்டி என்றால் படகு முதலாளி. பழைய வரி அப்படியே இருக்கும், புது வரி சேரும், இருப்பு எல்லா வரிகளையும் பார்த்துக் கூட்டினால் வரும். நான் இத்தனை வருடம் எழுதி வந்த நோட்டே அப்படித்தான் இருந்தது. அன்று ராத்திரி, பட்டியலை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ஃபோல்டு புரிந்தது. ஆரம்ப இருப்பு ஒன்று, வரிகளின் பட்டியல் ஒன்று, ஒரு வரியைப் பார்த்ததும் இருப்பு என்ன ஆகும் என்ற விதி ஒன்று. அவ்வளவுதான் சமாசாரம்.

அடுத்த சந்தேகம் இயல்பாக வரும். ஒரு படகின் பாக்கி மாறினால் மொத்தப் பதிவேட்டையும் நகல் எடுக்க வேண்டுமா? வேண்டாம். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பதிவேடுதான் ஹாஸ்கெலின் மேப். அதன் உள்ளே ஒரு சமநிலை மரம். ஆயிரம் படகு இருந்தாலும், வேரிலிருந்து அந்தப் படகு வரைக்கும் உள்ள பத்துப் பதினைந்து கணுக்கள்தான் புதிதாக உருவாகும். மற்ற கிளைகளெல்லாம் பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் பொது. அதனால் நேற்றைய பதிவேடும் கையில் இருக்கும், இன்றையதும் இருக்கும். கல்லூரியில் மரம் பற்றிப் படித்துப் பத்து மதிப்பெண் வாங்கியதுண்டு. எதற்கு என்று தெரிந்தது இப்போதுதான்.

பட்டியலில்தான் நன்றாகப் பட்டேன். ஒவ்வொரு ஏல வரியையும் பட்டியலின் கடைசியில் ஒட்டினேன். ஒரு நாள் கணக்கு அறுபது வரி, நொடியில் முடிந்தது. வருடக் கணக்கு இருபதாயிரம் வரியைக் கொடுத்தேன், டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. ஹாஸ்கெல் பட்டியல் என்பது தலைப்பக்கம் மட்டும் கைப்பிடி உள்ள சங்கிலி. கடைசியில் ஒன்றைச் சேர்க்க வால் வரை நடந்து, வழியில் உள்ள எல்லாக் கண்ணியையும் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் வரிக்கு ஒன்று, இரண்டாம் வரிக்கு இரண்டு என்று இருபதாயிரம் வரை கூட்டினால் இருபது கோடி வருகிறது. தலையில் சேர்த்துக்கொண்டே போய், முடிவில் ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

சோம்பல் கணிப்பு என்று ஒன்று இருக்கிறது. கேட்கும் வரை எதையும் கணக்கிடாது. புகழ்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இடப்பக்க ஃபோல்டை அப்படியே போட்டால், கூட்டாமல் ‘அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்’ என்று சீட்டாக எழுதிக் குவிக்கும். சில லட்சம் சீட்டு சேர்ந்ததும் என் பழைய மடிக்கணினி மூச்சுத் திணறியது. பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்ட இன்னொரு ஃபோல்டு இருக்கிறது, அது உடனுக்குடன் கூட்டிவிடும். இதை முதல் பாடத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கணக்கீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மோனாட் என்ற முறை பற்றி ஆளாளுக்கு ஒரு உவமை சொல்கிறார்கள். ஒன்றும் உதவவில்லை. அதில் ஒரு வகையான மேபியை, அதாவது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் வகையை, தினமும் பயன்படுத்திய பிறகு தானாகப் பழகியது. பதிவேட்டில் இல்லாத படகு எண்ணைத் தேடினால் நத்திங் என்று வரும். அப்போது என்ன செய்வாய் என்று எழுதாவிட்டால், எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், நிரலை மொழிமாற்றும் கம்பைலர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றி வைத்துவிட்டேன். ஏலப் பையன் எண்ணை மாற்றி எழுதிய நாட்களில் இது காப்பாற்றியிருக்கிறது.

குறைகளும் உண்டு. பிழைச் செய்திகள் நீளமானவை, பாதிக்கு மேல் புதியவருக்கு விளங்காது. நிறுவுவதற்கு ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும். கச்சான் காற்றில் கரண்டும் டவரும் போய்ப் போய் வரும் ஊரில் அதை இறக்கி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. வேலை கிடைக்க வேண்டும் என்று அவசரப்படுபவர் இதில் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஏதோ ஒரு மொழியில் தடவித் தடவி எழுதுபவர், தரவுக் கட்டமைப்பு மனப்பாடமாக இருக்கிறதே தவிரப் புரியவில்லை என்று நினைப்பவர், தாராளமாக ஆறு மாதம் கொடுக்கலாம். நான் இப்போது பைத்தான் எழுதினாலும் பட்டியலை மாற்றுவதற்கு முன் ஒரு நொடி கை நிற்கிறது.

இன்னும் தீராத சண்டை ஒன்று, தமிழோடு. ‘மீன்’ என்று கொடுத்து மதிப்பை அப்படியே காட்டச் சொன்னால் 2990, 3008, 2985, 3021 என்று எண்களாகக் கொட்டும். அச்சிடும் கட்டளையை மாற்றியதும் மீன் மீனாக வந்தது. ஆனால் நீளம் கேட்டால் நான்கு என்கிறது. புள்ளியையும் ஈகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘பாம்பன்’ ஏழாம். இந்த எண்ணிக்கையை நம்பி இடம் விட்டு அச்சிட்டதால் ரசீதில் சீலா, பாறை, கணவாய் எதற்கும் விலை நேர்வரிசையில் நிற்கவில்லை. மாமா சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “கணக்கு சரியாத்தான் இருக்கு மாப்ள. ஏன் எல்லாம் வாடைக் காத்துல ஆடுன வல்லம் மாதிரி சாஞ்சு கெடக்கு?”