எனாக்ஸாபரின் 40 எம்ஜி ஊசி, வீட்லயே போடுறவங்களுக்கு

அம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆனப்போ, கால்ல ரத்தம் கட்டாம இருக்க தினமும் ஒன்னு போடுங்கன்னு எழுதிக் குடுத்தாங்க. சிரிஞ்சுலயே மருந்து ரொப்பி வருது, அளவு பாத்து இழுக்குற வேலையே இல்ல, அதுக்கே முழு மார்க். உள்ள சின்னதா ஒரு காத்துக்குமிழ் தெரியும், பக்கத்து வீட்டு அக்கா அதைத் தள்ளி விடுன்னு ஒரே புடி, தள்ளக்கூடாதுங்க, மருந்தும் சேந்து போயிடும். தொப்புளுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி சதையை மடிச்சுப் புடிச்சு நேரா குத்தி மெதுவா அழுத்தணும், முடியுற வரைக்கும் மடிப்பை விடக்கூடாது, இன்னைக்கு வலப்பக்கம்னா நாளைக்கு இடப்பக்கம். எரியுதேன்னு அம்மா கை தேய்க்கப் போகும், தேய்ச்சா கன்னிப்போயிடும்.

குறைன்னா விலைதான், அப்புறம் உள்ள இருக்குற பேப்பர்ல எழுத்து எறும்பு சைஸ். மெடிக்கல்ல வலிக்கு ஐபுப்ரோஃபென் நீட்டுனாங்க, டாக்டரைக் கேக்காம அதெல்லாம் வேணாம், ரத்தக்கசிவு ஜாஸ்தியாகும். ஈறுல ரத்தம் நிக்கல, மலம் கறுப்பா போகுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. கிட்னி பிரச்சனை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, டோஸ் மாத்துவாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.