ஆற்று வாணமா, கோஎன்ஜி ஊர்வலமா, பின்பக்கப் பூங்காவா?

ஜூலை கடைசிச் சனிக்கிழமை நெருங்கினால் டோக்கியோவில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடிவிடும். அன்று மாலைதான் சுமிதா ஆற்றில் வாணவேடிக்கை. அன்று மாலையேதான் ஓஜிமாவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பூங்காவில் போன் ஒதோரி, அதாவது முன்னோரை நினைத்துக் கோடையில் ஊர்க்காரர்கள் வட்டமாக ஆடும் ஆட்டம். இங்கே வந்த முதல் வருடம் ஆற்றுக்குப் போனோம். அடுத்த வருடம் அதை விட்டுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் டோக்கியோவின் மேற்குப் பக்கம் கோஎன்ஜியில் நடக்கும் ஆவா ஒதோரி ஆட்ட ஊர்வலத்துக்குப் போனோம். மூன்றாவது வருடம் எங்கும் போகத் தெம்பில்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு இறங்கினோம். அன்றிலிருந்து பூங்காதான். புதிதாக வேலைக்கு வரும் நண்பர்கள் ஒவ்வொரு கோடையிலும் "எதுக்குப் போலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கணக்கு. நான் ஒரு பக்கம் சாய்ந்தவன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அழகில் வாணவேடிக்கையை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. 1733இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். இப்போதைய பெயரில் நடப்பது 1978 முதல். ஆற்றில் இரண்டு இடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 20 ஆயிரம் வாணங்கள். பெரிய குண்டு வெடிக்கும்போது சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுகிறது. அந்தக் காலத்து வாணக்காரர்களின் கடைப்பெயரைச் சொல்லி "தமாயா!", "காகியா!" என்று கத்தும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டிவியில் பார்த்துத் திருப்திப்படும் சங்கதி இல்லை இது. ஆனால் பார்க்க வருகிறவர்கள் ஒன்பது, பத்து லட்சம் பேர். பாலங்களில் ஒருவழி நடை, நிற்கக்கூடாது. உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் மதியமே பாய் விரிக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து இருக்கை வாங்க வேண்டும். மழை வந்தால் அவ்வளவுதான். 2013இல் இடியும் மழையும் கொட்டி, தொடங்கிய அரை மணியில் நிறுத்திவிட்டார்கள்.

கோஎன்ஜி வேறு ரகம். ஆவா என்பது ஷிகோக்கு தீவில் இருக்கும் தோகுஷிமாவின் பழைய பெயர். அந்த ஊர் ஆட்டத்தை 1957இல் இங்குள்ள கடைக்காரர்கள் இரவல் வாங்கினார்கள். இன்று சுமார் 10 ஆயிரம் பேர் குழுக்குழுவாக ஆடிக்கொண்டு வருகிறார்கள். குழுவுக்கு "ரென்" என்று பெயர். பெண்கள் மடித்த பாய் போன்ற தொப்பி அணிந்து, மரச்செருப்பின் முனையில் நின்றபடியே ஆடி வருவதைப் பார்த்தால் நமக்குக் கெண்டைக்கால் வலிக்கும். கூடவே மணியும் மத்தளமும் தெருமுனை திரும்பி நெருங்கி வருவது ஒரு தனி அனுபவம். ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும் என்பது என் கட்சி. காரணம், அங்கே நாம் பார்வையாளர் மட்டுமே. மூன்றாவது வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் தோளுக்கும் போனுக்கும் நடுவே பார்ப்பதுதான் கிடைக்கும்.

சரி, இதெல்லாம் யாரும் சொல்வதுதான். எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: எப்படித் திரும்பி வருவது?

வாணவேடிக்கை எட்டரைக்கு முடிகிறது. எல்லாருக்கும் அதே நிமிடத்தில் முடிகிறது, அதுதான் சிக்கல். வரும்போது நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்த கூட்டம், போகும்போது ஒரே மடையாகத் திறக்கிறது. முதல் வருடம் எங்கள் மகளுக்கு நான்கு வயது. ரயில் நிலையத்துக்கு வெகு முன்னாலேயே வரிசை நின்றுவிட்டது. நாற்பது நிமிடத்தில் ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தோம். யார் மேலும் தப்பில்லை, போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வரிசையை விட்டு விலகி, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரியோகோக்கு, கின்ஷிச்சோ வழியாக நடந்தே வந்தோம். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். தள்ளுவண்டியில் பாய், தண்ணீர் பாட்டில், ஒரு காலி டப்பா. பத்தரைக்கு வீடு. அன்று பார்த்த வாணங்களில் இப்போது நினைவிருப்பது நாலோ ஐந்தோதான். அந்த நடை மட்டும் தெருத்தெருவாக நினைவிருக்கிறது.

இது வெறும் அலுப்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. 2001 ஜூலை 21 அன்று ஹியோகோ மாகாணத்து ஆகாஷியில் வாணவேடிக்கைக்கு வந்தவர்களும் திரும்புகிறவர்களும் ரயில் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் இடையிலான நடைமேம்பாலத்தில் எதிரெதிரே சிக்கி, 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைகள். டோக்கியோப் பாலங்களில் "நிற்காதீர்கள், நகருங்கள்" என்று விடாமல் கத்துவதைக் கேட்டு எரிச்சல் வரும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

கோஎன்ஜியிலும் எட்டு மணிக்கு இதே கதை, கொஞ்சம் சின்ன அளவில். அதோடு ஒரு கூடுதல் குத்து: சூவோ லைன் விரைவு வண்டி சனி, ஞாயிறுகளில் கோஎன்ஜியில் நிற்காது, மஞ்சள் கோடு போட்ட சாதா வண்டிதான் நிற்கும். திருவிழா நடப்பதோ சனி, ஞாயிறு. நீங்கள் போவதாக இருந்தால் அடுத்த நிலையமான நகானோவுக்கு நடந்துவிடுங்கள், ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. தெற்குக் கோடியில் நின்றிருந்தால் ஷின்-கோஎன்ஜி சுரங்க ரயில் பக்கம்.

பூங்காவில் திரும்புவது என்ற பிரச்சினையே இல்லை. பாதிப் பேர் குளித்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் போய்த்தான் குளிக்கப் போகிறவர்கள். பிள்ளை சிணுங்கினால் கிளம்பலாம், சாப்பிட்டுவிட்டு மறுபடி வரலாம். எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பதால் நாங்கள் கிளம்பாமல் இருக்கிறோம், இது எனக்கே வேடிக்கைதான்.

இன்னொரு லாபமும் அதிலேயே இருக்கிறது. ஒன்றிலிருந்து கிளம்ப முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம் அல்லவா? ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை வாரக்கடைசிகளில் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் தனித்தனியாக விழா எடுக்கிறது. ஒரு வாரம் முன்பே தெருவில் காகித விளக்குகள் தொங்க ஆரம்பிக்கும், அறிவிப்புப் பலகையில் தேதி ஒட்டியிருக்கும். அன்று ஆறு மணிக்கு வெயில் சாய்ந்ததும் வெளியே வந்து தைகோ மத்தளம் கேட்கும் பக்கம் நடந்தால் போதும். போன வருடம் ஒரே மாலையில் மூன்று பார்த்தோம்: எங்கள் பூங்கா, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி ஒரு ஷிந்தோ கோயில் வளாகம், அப்புறம் ஒரு பள்ளி மைதானம். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் நடை.

எல்லா இடத்திலும் அமைப்பு ஒன்றுதான். நடுவே யாகுரா என்கிற மரமேடை, அதன் மேல் மத்தளம், சுற்றி வட்டமாக ஆட்டம். நுழையும் இடத்தில் உபயதாரர் பட்டியல்: பல் டாக்டர், அரிசிக்கடை, முடிதிருத்துபவர், ஒவ்வொரு பெயரோடும் தொகையும் தூரிகை எழுத்தில். நான் அதைத்தான் முதலில் படிப்பேன், ரத்தம் அப்படி. ஆட்டம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஒரே மாதிரி யுகாதா என்ற பருத்திக் கிமோனோ உடுத்திய சங்கத்துப் பாட்டிகள் உள்வட்டத்தில் ஆடுவார்கள். அவர்களில் ஒருவரின் கையைப் பார்த்துக்கொண்டே வெளிவட்டத்தில் நடந்தால் சரியாகிவிடும். கியூஷு சுரங்கத் தொழிலாளர்களின் தாங்கோபுஷி பாட்டு எல்லா இடத்திலும் வரும். தோண்டு, தோண்டு, தோளில் சுமந்து, சுமந்து, நெற்றியில் கைவைத்து நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு. நிலக்கரி வெட்டுகிற வேலைதான் ஆட்டமே. மூன்றாவது சுற்றில் எனக்கே வந்துவிட்டது. அடுத்து டோக்கியோ ஒந்தோ. 1932இல் மருனோஉச்சி வட்டாரத்துக்காக எழுதிய பாட்டை அடுத்த வருடம் ஊர் முழுமைக்குமாக மாற்றினார்கள். யாக்குல்ட் ஸ்வாலோஸ் பேஸ்பால் ரசிகர்கள் மைதானத்தில் சின்னக் குடைகளை ஆட்டிக்கொண்டு பாடுவதும் இதே பாட்டுதான்.

தின்பண்டத்தில் விலை வித்தியாசம் உண்டு. பெரிய விழாக்களில் தொழில்முறைக் கடைக்காரர்கள். ஒரு தட்டு யாக்கிசோபா நூடுல்ஸ் 600, 700 யென் கொடுத்திருக்கிறேன். பூங்காவில் சங்கத்துக்காரர்களே வறுத்து 300 யென்னுக்குக் கொடுத்தார்கள். எல்லாச் சங்கமும் இதே விலை வைக்கும் என்று சொல்ல மாட்டேன். சைவம் என்றால் எங்கே போனாலும் சிரமம்தான்: யாக்கிசோபாவில் பன்றி, தாகோயாக்கியில் ஆக்டோபஸ். வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, குச்சியில் குத்திய வெள்ளரிக்காய், சீவின ஐஸ் என்று ஒப்பேற்றலாம். ராமுனே வாங்கித் தாருங்கள். கழுத்தில் கோலி அடைத்த பாட்டில், நம் கோலி சோடாவேதான், உள்ளே எலுமிச்சை வாசத்தோடு.

பூங்கா தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள் ஊருக்கு வந்துபோகும் விருந்தாளிக்கு இது சப்பென்று இருக்கும். அவரை ஆற்றுக்கு அனுப்புங்கள், ஆனால் வாணம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே கிளம்பச் சொல்லுங்கள். கொசு உண்டு. ஒலிபெருக்கி கரகரக்கும். தங்கமீன் பிடிக்கும் தொட்டியருகே பிள்ளையை விட்டீர்களானால், காகித வலை கிழிந்தாலும் ஆறுதலுக்கு ஒரு மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மீனுக்கு இப்போது தொட்டி, காற்று மோட்டார், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் என்று ஆகிவிட்டது. 100 யென் மீன்.

நடுவழி வேண்டுமென்பவர்களுக்கு ட்சுகிஜி ஹோங்கான்ஜி கோயிலின் போன் ஒதோரி இருக்கிறது. கட்டடக் கலைஞர் இத்தோ சூத்தா பழைய இந்தியக் கட்டடப் பாணியில் வடிவமைத்து 1934இல் கட்டி முடித்த கோயில், அதன் முன்னால் யாகுரா, பக்கத்துச் சந்தைக் கடைகளின் சாப்பாடு. நான் ஒரே ஒரு மாலைதான் போயிருக்கிறேன், அன்று வட்டத்தில் புக இடமிருந்தது. மேற்கே கன்சாய் பக்கம் கோடையில் போனதில்லை, அதனால் கியோத்தோவின் கியோன் திருவிழாவும் ஒசாக்காவின் தென்ஜின் திருவிழாவும் இந்தக் கணக்கில் இல்லை.

போன வருடம் என் மனைவி ஒரு சமரசம் கண்டுபிடித்தாள். ஏழரைக்குப் பூங்காவிலிருந்து கிளம்பி, லிப்டில் ஏழாவது மாடிக்கு வந்து, தாழ்வாரக் கோடியில் நின்றோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பெரிய வாணங்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. வெளிச்சம் போய்ச் சேர்ந்த பிறகு சத்தம் மெதுவாக வந்தது. கீழே மத்தளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோண்டு தோண்டு பாட்டு மறுபடி போட்டுட்டாங்க" என்று லிப்ட் பொத்தானை அழுத்தினாள்.