விளையாட்டு உலகில் உளவு: வலைவீச்சா, வேடமா?

2013 டிசம்பரில், அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தின. அமெரிக்காவின் என்எஸ்ஏ, பிரிட்டனின் ஜிசிஎச்கியூ ஆகிய மின்னணு உளவு அமைப்புகள் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’, ‘செகண்ட் லைஃப்’ போன்ற, பலரும் கதாபாத்திரங்களாக நுழைந்து விளையாடிப் பழகும் இணைய உலகங்களை உளவு பார்த்தன. கையாண்ட வழிகள் இரண்டு.

முதலாவது வலைவீச்சு. கணக்கு, கதாபாத்திரம், குழு விவரங்களைத் தரவோட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, ஏற்கெனவே சந்தேகத்தில் இருப்பவர்களோடு பொருத்திப் பார்ப்பது. 2008இல் ஜிசிஎச்கியூ ‘செகண்ட் லைஃப்’பில் நடத்திய சோதனையில், மூன்றே நாளில் அரட்டையும் பணப் பரிமாற்றமுமாக 1,76,677 வரிகள் குவிந்தன. சிக்கலும் அங்கேதான். “இன்றிரவு கோட்டையைத் தாக்குவோம்” என்பது விளையாட்டில் அன்றாடப் பேச்சு. சொல்லை வைத்துச் சலித்தால் அப்பாவிகளே அகப்படுவார்கள். ‘வார்கிராஃப்ட்’டை நடத்திய பிளிசார்ட் நிறுவனமோ, தாங்கள் அனுமதி தரவில்லை என்றது.

இரண்டாவது வேடம்: அதிகாரியே ஒரு கதாபாத்திரமாக நுழைந்து பழகி, தகவல் சொல்ல ஆள் சேர்ப்பது. சிஐஏ, எஃப்பிஐ, பென்டகன் எல்லாம் ‘செகண்ட் லைஃப்’பில் ஆள் இறக்கியதால், ஒருவர் வேலையில் இன்னொருவர் மோதாமலிருக்கத் தனிக் குழுவே தேவைப்பட்டது.

வெளியான ஆவணங்களில் பயங்கரவாதச் சதி எதுவும் முறியடிக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. ஆனால், ‘செகண்ட் லைஃப்’பில் திருட்டுக் கடன் அட்டை விவரங்களை விற்ற கும்பல்மீது லண்டன் போலீஸ் நடவடிக்கை எடுக்க உதவியது, அங்கே பழகிய ஒரு தகவலாளி. என் ஓட்டு வேடத்துக்கே, அதுவும் யாரைக் கண்காணிப்பது என்று பெயர் சொல்லும் நீதிமன்ற ஆணையோடு மட்டும். வலைவீச்சில் சிக்கிய விளையாட்டுக்காரருக்குத் தன் அரட்டை படிக்கப்பட்டது தெரியவே வராது. தெரியாத ஒன்றைப் பற்றி அவர் முறையிடுவதும் அரிது.