வீட்டிலிருந்தே பட்டா: வருவாய்த் துறையின் இணையச் சேவை எப்படி?

பட்டா நகல் ஒன்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் மாறி மாறி நாடி அலைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையின் அருமை எளிதில் விளங்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டால், நகல் கட்டணமின்றித் திரைக்கு வந்துவிடுகிறது.

என் பார்வையில் இச்சேவையின் உண்மையான வலிமை, நகலோடு அச்சாகும் குறிப்பு எண்ணில்தான் இருக்கிறது. நிலம் வாங்க வருபவர் அந்த எண்ணை அதே தளத்தில் உள்ளிட்டு, தாளில் உள்ளதும் மின் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று தாமே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால், திருத்திய நகலைக் காட்டி ஏமாற்றுவது கடினமாகிறது. சிறு விவசாயிக்கு இது பெரிய பாதுகாப்பு. கிராமத்து நிலங்களின் விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் இங்கேயே பார்க்கலாம்.

ஆனால் பதிவேட்டில் இருப்பதைத்தான் திரை காட்டும். மறைந்த பாட்டனாரின் பெயரிலேயே நிற்கும் பட்டாவுக்கு, வாரிசுச் சான்றிதழுடன் பெயர் மாற்றம் கோரித் தனியே விண்ணப்பித்தே ஆக வேண்டும். நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழுக்கோ பதிவுத் துறையின் வேறொரு தளத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது; எழுத்துப் பழக்கமில்லாத முதியவருக்கு இந்த இரட்டை வழி பெரும் சுமை. இரண்டையும் ஒரே புல எண்ணில் பார்க்கும் வசதியை அரசு விரைந்து தர வேண்டும்.