வால்வைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்: கப்பலுக்கான ஏர்-கூல்டு கம்ப்ரசர்

கப்பலில் கம்ப்ரசர் பராமரிப்பு பெரும்பாலும் ஃபோர்த் என்ஜினியர் தலையில்தான் விழும். முன்பு என் பொறுப்பில் இருந்தது தண்ணீரால் குளிரும் மெஷின். இப்போது இருப்பது விசிறிக் காற்றால் குளிரும் (ஏர்-கூல்டு), காற்றை இரண்டு கட்டமாக 30 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் கம்ப்ரசர். மெயின் என்ஜினைக் கிளப்பும் காற்று இதிலிருந்துதான் வருகிறது. இரண்டையும் பிரித்து மாட்டியவன் என்ற முறையில் சொன்னால், என் ஓட்டு புதியதற்குத்தான்.

பழையதில் இன்டர்கூலர் டியூப்களில், அதாவது இரண்டு கட்டத்துக்கும் நடுவே காற்றை ஆறவைக்கும் குழாய்களில், கசடு படியும். காற்று சரியாக ஆறாமலே இரண்டாம் கட்டத்துக்குப் போகும், காற்று வெளியேறும் டெலிவரி வால்வில் கரி ஏறும். டியூப் ஓட்டையானால் காற்று தண்ணீர்ப் பக்கம் பீறிடும்; அதற்கென்றே அங்கே ஒரு பர்ஸ்டிங் டிஸ்க், அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் தகடு. புதியதில் இந்தத் தலைவலியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வால்வ் அமைப்பு. காற்றை உள்ளே இழுக்கும் சக்ஷனும் வெளியே தள்ளும் டெலிவரியும் ஒரே வால்வில் இருக்கின்றன. சிலிண்டர் ஹெட்டைத் தூக்கவே வேண்டாம். மேல்மூடியைக் கழற்றி, இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டினால் வால்வ் கையோடு வந்துவிடும். போன முறை முதல் கட்ட அழுத்தம் காட்டும் கேஜ் வழக்கத்தைவிட ஏறி நின்றது. அப்படியானால் இரண்டாம் கட்ட வால்வ் கசிந்து காற்று பின்னால் திரும்புகிறது என்றுதான் சந்தேகம். எடுத்துப் பார்த்தால் ஒரு ஸ்பிரிங் உடைந்து, பிளேட் ஓர் ஓரமாகச் சாய்ந்து, அந்த இடத்தில் மட்டும் கரி தடிப்பாகப் பிடித்திருந்தது. ஸ்பிரிங்கையும் பிளேட்டையும் மாற்றி, செம்பு கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டதும் கேஜ் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. பழைய மெஷினில் இதே வேலைக்கு முதலில் தண்ணீரை வடிக்கவேண்டும்.

குறைகளும் உண்டு. சத்தம் காதைப் பிளக்கும். வெப்பம் முழுவதையும் என்ஜின் ரூமிலேயே கொட்டும். அறை 45 டிகிரி வரை போகும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள், ஆனாலும் வெப்பமண்டலக் கடலில் வென்டிலேஷன் விசிறி ஒன்று நின்றுவிட்டால் டெலிவரி வெப்பநிலை சடசடவென ஏறுகிறது. கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்களில் எண்ணெயும் தூசியும் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும், அதைத் துடைக்கச் சோம்பல்படவே கூடாது.

கொள்ளளவில் குறையில்லை. முன்னும் பின்னும் ஓடும் மெயின் என்ஜினுக்கு, காற்றைச் சேர்த்துவைக்கும் பாட்டிலை இடையில் நிரப்பாமலே 12 தடவை ஸ்டார்ட் செய்யக் காற்று வேண்டும் என்பது விதி. காலி பாட்டில்களை ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பவும் வேண்டும். கப்பலில் இப்போது உள்ள இரண்டு கம்ப்ரசரும் ஓடினால் தாராளம்.

அப்புறம், காற்றிலிருந்து பிரியும் தண்ணீரையும் எண்ணெயையும் தானாக வெளியேற்றும் அந்த ஆட்டோ டிரெய்ன்! அதன் சாலினாய்டு வால்வ், மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வ், அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. டிரெய்ன் அடைத்தால் தண்ணீரும் எண்ணெயும் பாட்டிலுக்குப் போகும். ஸ்டார்டிங் ஏர் லைனில் எண்ணெய் சேர்ந்தால் வெடிக்கும் அபாயம் வரை போகலாம். வாங்குபவர்கள் ஸ்பேர் பட்டியலில் சாலினாய்டு காயிலைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைவசம் இல்லாவிட்டால் வாட்ச் (பணிநேரம்) முழுக்க டிரெய்னைக் கையால் திறந்து மூடிக்கொண்டு அங்கேயே நிற்கவேண்டிவரும்.