ஜாலிபீயா, மேக்ஸா, பிலாவோவா? மணிலாவில் வீடு தேடி வரும் சாப்பாடு

மணிலாவில் ஃபிலிப்பீனோ சாப்பாட்டை வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வரவழைப்பதென்றால், கடையின் பெயருக்கு முன்னால் வழியைப் பார்க்க வேண்டும். நகரின் முக்கியச் சாலையான எட்சாவின் மாலை நெரிசலில் பைக் ஊர்ந்து வரும் நேரத்தைத் தாங்கும் பண்டம் எது? என் அளவுகோல் அதுதான்.

முதலில் பொரித்த கோழி. ஜாலிபீ என்ற துரித உணவுக் கடையின் பொரித்த கோழியான சிக்கன்ஜாய்க்கு மொறுமொறு மேல்பூச்சுதான் உயிர். சூட்டோடு பெட்டியில் அடைத்ததும் உள்ளே ஆவி கட்டி, அது நமத்துவிடுகிறது. கிளை பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 1945இல் தொடங்கிய மேக்ஸ் உணவகத்தின் கோழிக்கோ மாவுப் பூச்சே கிடையாது. தோலோடு அப்படியே பொரிக்கிறார்கள். வந்து சேரும்போது தோல் சற்றுத் தளர்ந்திருந்தாலும் சதையின் ருசி குறைவதில்லை. வாழைப்பழ கெச்சப்பைத் தொட்டுக்கொண்டால் ஆறிய பிறகும் நன்றாகவே இருக்கிறது. குடும்பமாகச் சாப்பிட நான் மேக்ஸையே சொல்வேன். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கதை வேறு. ஹாட் டாக் துண்டுகள் போட்ட ஜாலிபீயின் இனிப்பு ஸ்பகெட்டிக்கு முன்னால் எதுவும் எடுபடாது.

சுட்ட கோழிக்குப் பேர்போன மாங் இனசால் கடையின் சாப்பாட்டை வீட்டுக்கு வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கரியில் சுட்ட கோழி அருமைதான். ஆனால் கடையில் உட்கார்ந்தால் கேட்கக் கேட்கச் சோறு போடுவார்கள். மஞ்சள் நிறக் கோழி எண்ணெயை அதன்மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதே அங்கே போவதற்குப் பாதிக் காரணம். பொட்டலத்தில் சோறு அளவாகத்தான் வரும்.

அலுவலகத்துக்கு பிலாவோவுக்கு நிகர் இல்லை. நம் முறத்தைப் போன்ற வட்டமான மூங்கில் தட்டில் வாழையிலை விரித்து, அதன்மேல் பன்சித் நூடுல்ஸைப் பரப்பி அனுப்புவார்கள். தனித்தனிப் பொட்டலம் பிரித்து, யாருடையது எது என்று தேடும் வேலையே இல்லை. நடுமேசையில் வைத்தால் போதும். மகாத்தி பகுதியில் உள்ள ஆம்பர் கடை இதற்குப் பேர்போனது. அங்கே பன்சித் மலாபோன் வாங்குங்கள்: தடித்த அரிசி நூடுல்ஸ், செம்மஞ்சள் நிறச் சாறு, மேலே இறாலும் அவித்த முட்டையும். நூடுல்ஸ் தடிமனாக இருப்பதால் சாறில் ஊறினாலும் குழைவதில்லை. மெல்லிய நூடுல்ஸில் செய்யும் பலாபோக் விரைவிலேயே கட்டிதட்டிப் போகும். கூட வரும் கலமான்சி என்ற சிறு எலுமிச்சையைச் சாப்பிடும் நேரத்தில் பிழிந்தால் போதும். பாலாடைக்கட்டி தூவிய மரவள்ளிக்கிழங்கு இனிப்பான பிச்சி-பிச்சியையும் சேர்த்துக்கொண்டால் மாலைச் சிற்றுண்டி முழுமையாகிவிடும்.

கடை எதுவானாலும் அடோபோவை நம்பி வாங்கலாம். வினிகரிலும் சோயாவிலும் வெந்த இறைச்சி நேரமாக ஆக ருசி கூடும். புளிப்புச் சாறான சினிகாங்கும் தாங்கும், வள்ளைக்கீரை மட்டும் நிறம் மங்கியிருக்கும். மொறுமொறுவெனப் பொரித்த பன்றி இறைச்சியான லெச்சோன் கவாலி, துருவிய பனிக்கட்டி இனிப்பான ஹாலோ-ஹாலோ இரண்டையும் கடைக்கே போய்ச் சாப்பிடுங்கள்.

ஓரிருவர் சாப்பாட்டுக்கு கிராப்ஃபுட், ஃபுட்பாண்டா போன்ற செயலிகள் வசதி. பத்துப் பேருக்கு மேல் என்றால் முதல் நாளே கடையைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது. அகலமான பிலாவோ பைக் பெட்டிக்குள் சாயாமல் அடங்குமா, கார் அனுப்புவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.