மட்டக்களப்பு மாணவருக்கு மின்னணுத் தம்புரா: ஒரு பாட்டு ஆசிரியரின் மதிப்பீடு

வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளைக்கு என்ன சுருதி வாங்கிக் கொடுப்பது என்று பெற்றோர் கேட்கும்போது, அவர்கள் முன் பொதுவாக மூன்று தெரிவுகள் இருக்கின்றன: துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டி, இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் மின்னணுத் தம்புரா, கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும், பாடும் சுரம் சரியா என்று முள்ளால் காட்டும் செயலி. வகுப்பில் நான் தொடர்ந்து பயன்படுத்திவருவது இரண்டாவது வகை. கடைகளில் உள்ளவை பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, கருவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பழைய பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் நாதம் இனிமையானதுதான். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நம் ஊரின் ஈரமும் உப்புக்காற்றும் அதன் பித்தளை நாக்குகளுக்கு ஒத்துவருவதில்லை. பராமரிக்க ஆள் தெரிந்தவர்கள் வாங்கலாம்.

மின்னணுத் தம்புராவில் கட்டையை, அதாவது பாடுபவரின் ஷட்ஜம் (ஸ) நிற்கும் உயரத்தை, தெரிவுசெய்யும் குமிழ், நுண்சுருதிக் குமிழ், முதல் தந்தியைப் பஞ்சமத்துக்கோ மத்திமத்துக்கோ மாற்றும் பொத்தான், மீட்டும் வேகம், ஒலியளவு ஆகியவை உள்ளன. ஆண் குரலுக்கு ஒரு கட்டையில் வைத்தால் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ) ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும். உள்ளங்கை அகலமே உள்ள ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை உருப்படியாக வெளியிட முடியாது. இருந்தும் அந்த மந்தரம் கேட்கத்தான் செய்கிறது. கருவி 131, 196, 262 என அதன் மடங்குகளான மேற்சுரங்களை வெளியிடுகிறது. அவற்றின் பொது அடிப்படை 65 என்பதைச் செவியும் மூளையும் கண்டுகொண்டு, வெளியில் இல்லாத சுரத்தை உள்ளே கேட்டுவிடுகின்றன. இதை 1840களிலேயே ஜெர்மானியரான ஆகஸ்ட் செபெக் சைரன் கருவியைக் கொண்டு காட்டினார். பழைய தொலைபேசி வழித்தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. மத்திய கிழக்கிலிருந்து அழைத்த தகப்பனின் குரலின் அடிப்படை அதிர்வு 120 ஹெர்ட்ஸ் அளவில் இருந்திருக்கும். அப்படியிருந்தும் எந்தப் பிள்ளையும் அதைப் பெண்குரல் என்று எண்ணியதில்லை. ஆகவே, சிறிய ஒலிபெருக்கி என்பதற்காக மட்டும் இந்தக் கருவியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மேற்சுரங்கள் செழிப்பாக வருகின்றனவா என்பதே கேள்வி. மலிவான வகைகள் தோற்பது அங்கேதான்.

நல்ல தம்புராவில் ஷட்ஜத் தந்தியை மீட்டியதும், யாரும் மீட்டாத, ‘க’ சுரத்தின் உயர்ந்த வகையான அந்தர காந்தாரம் ஒன்று மேலே எழுந்து மிதக்கும். அது ஷட்ஜத்தின் ஐந்து மடங்கான மேற்சுரம். நான்கு மடங்கில் உள்ள மேல் ஷட்ஜத்தோடு 5:4 என்ற தூய விகிதத்தில் நிற்பது. நான் பயன்படுத்தும் கருவியில் இந்தக் காந்தாரம் தெளிவாகக் கேட்கிறது. விலைக்குரிய பயன் இதுதான் என்பது என் கருத்து. கைத்தொலைபேசிச் செயலியுடன் முரண்பாடு தொடங்குவதும் இங்கேயே. பெரும்பாலான செயலிகள் 440 ஹெர்ட்ஸை ஆதாரமாகக் கொண்டு, ஒரு ஷட்ஜத்திலிருந்து அடுத்த மேல் ஷட்ஜம் வரையான எண்மத்தைச் சமமான பன்னிரண்டு பங்குகளாக வகுக்கின்றன. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த ஒரு பங்கைச் சென்ட் என்றால், செயலி எதிர்பார்க்கும் காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் எழும் காந்தாரம் 386 சென்ட். சுருதியோடு கலந்து கரைந்து பாடும் பிள்ளையைப் பார்த்து, செயலியின் முள் 14 சென்ட் தாழ்வு என்று குற்றம் சொல்கிறது. பிள்ளையும் தாயும் முள்ளையே நம்புகிறார்கள்! காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களின் நரம்புகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்த மண்ணின் பிள்ளைகள் முள்ளின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வந்தால் செயலியின் நிலை இன்னும் மோசம். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாம் அதை ஒரே சுரமாகக் கேட்கிறோம், முள்ளோ பதறித் திரிகிறது.

சுருதி சேராத பிள்ளையைச் சுரம் அறியும் செவி இல்லாதவர் என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதே பிள்ளை ‘மழை வருகுது’ என்ற சொற்களைச் செய்தியாகவும் கேள்வியாகவும் பிழையின்றிச் சொல்லிக்காட்டும். பேச்சில் குரல் எந்த இடத்திலும் நிலைப்பதில்லை. அது எத்திசையில் ஏறி இறங்குகிறது என்பதைச் செவி பின்தொடர்ந்தால் பெரும்பாலும் போதும். பாட்டில் திசை போதாது, அளவும் வேண்டும். அந்த அளவைக் காட்டுவதற்குத் தம்புராவிடம் ஒரு வழி இருக்கிறது. ஐந்து கட்டையில் 196 ஹெர்ட்ஸில் ஷட்ஜம் ஒலிக்கும்போது, பிள்ளை 198 இல் நீட்டிப் பிடித்தால் இரு ஒலிகளும் மோதி விநாடிக்கு இரண்டு முறை ஏறித் தாழும். பௌதிகப் பாடத்தில் அடிப்பு என்று படிப்பது இதைத்தான். அடிப்பு மெதுவாகி மறையும்வரை குரலை நகர்த்தும்படி சொன்னால், கோட்பாடு எதுவும் தெரியாத பிள்ளையும் ஷட்ஜத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

குரல் உடைந்த பையன்கள் ஆசிரியையின் சுருதியை ஓர் எண்மம் கீழே இறக்கிப் பாடுவார்கள். அதிர்வெண் பாதியானாலும் செவி அதை அதே சுரமாக ஏற்பதால் அது பிழையாகத் தோன்றாது. ஆனாலும் சங்கீத சபைப் பரீட்சைக்குப் போகுமுன் அவர்களுக்கென்று தனிக் கட்டையைத் தீர்மானித்துவிட வேண்டும். பன்னிரண்டு கட்டைகளையும் நொடியில் மாற்றிப் பார்க்க முடிவதால், இந்த வேலைக்கு இதைவிட வசதியான கருவி இல்லை.

கூத்துக்காரருக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் எடுத்துக்கொடுக்கும் குரலே சுருதி. அடுத்த நாள் அவர் அரைக் கட்டை மேலே எடுத்தாலும் பாட்டு அதே பாட்டுத்தான். கூத்துச் சூழலில் வளர்ந்து வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சுரங்களுக்கிடையிலான தூரத்தை விரைவில் பிடித்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். நிலையான ஷட்ஜத்தில் மணிக்கணக்காக நிற்பதுதான் அவர்களுக்குச் சலிப்பு.

குறைகளும் உண்டு. நுண்சுருதிக் குமிழ் மிகவும் இளகலானது. பெட்டியைத் தூக்கிவைக்கும்போது விரல் பட்டாலே நகர்ந்துவிடுகிறது, அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஒலியளவை முழுவதும் கூட்டினால் ஒலி கரகரக்கிறது. மின்வெட்டு நேரத்தில் பற்றரியில் இயங்கும் என்பது உண்மைதான். ஆனால் பற்றரி தளரத் தளர ஒலி மங்கிவிடுகிறது. பழுது பார்ப்பவர்களைத் தேடுவதும் இலகுவல்ல. வீட்டில் தனியாகப் பழகும் தொடக்க நிலைப் பிள்ளைக்கு, நல்ல தம்புரா ஒலி தரும் செயலியை ஒரு வெளி ஒலிபெருக்கியோடு இணைத்தால் போதும், முள் காட்டும் செயலி மட்டும் வேண்டாம். தொடர்ந்து கற்பவருக்கும் வகுப்பு நடத்துபவருக்கும் இந்த மின்னணுத் தம்புராவே ஏற்றது.

வாங்கச் செல்பவர்கள் கடையின் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, தங்கள் கட்டையில் வைத்து, ஒலியளவைப் பாதிக்குக் குறைத்து, மீட்டும் வேகத்தைத் தாழ்த்திக் கேட்கட்டும். காந்தாரம் எழவில்லையென்றால் அடுத்த பெட்டியை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.